பழசில் பன்னிரண்டு, புதுசில் எட்டு

ஒரு பொருளின் புது மாடல் வந்தால் பழைய மாடலைவிட அதில் எல்லாமே கூடுதலாக இருக்கும் என்பது நம் எல்லோருக்கும் உள்ள நம்பிக்கை. பைக் என்றால் சிசி கூடியிருக்கும். போன் என்றால் கேமரா கூடியிருக்கும். அதற்குத்தானே கூடுதல் காசு கொடுக்கிறோம்? கிராஃபிக்ஸ் கார்டு இந்த நம்பிக்கையை மதிப்பதில்லை. என்விடியா நிறுவனம் 2021 பிப்ரவரியில் வெளியிட்ட ஆர்டிஎக்ஸ் 3060 கார்டில் நினைவகம் 12 ஜிபி. அதன் அடுத்த தலைமுறையாக 2023 ஜூனில் வந்த ஆர்டிஎக்ஸ் 4060 கார்டில் 8 ஜிபி. அண்ணனுக்குப் பன்னிரண்டு, தம்பிக்கு எட்டு. அறிமுக விலையும் 329 டாலரிலிருந்து 299 டாலருக்கு இறங்கியது. ஆனால் வேகம் தம்பிக்குத்தான் அதிகம். கரண்டும் தம்பிக்குத்தான் குறைவு. அண்ணன் 170 வாட் கேட்பான், தம்பிக்கு 115 வாட் போதும்.

2024 கோடையில் இரண்டு மாதம் இந்த அண்ணன் தம்பி வழக்கைத்தான் நான் விசாரித்துக்கொண்டிருந்தேன். எனக்கும் கம்ப்யூட்டர் விளையாட்டுக்கும் சம்பந்தமில்லை. சென்னையில் ஒரு சின்ன கம்பெனியில் கணக்கு எழுதுகிறவன் நான். என் ஆபீஸ் கம்ப்யூட்டரில் கிராஃபிக்ஸ் கார்டு இருக்கிறதா இல்லையா என்பதே அந்த வருஷம்தான் எனக்குத் தெரியும். இல்லை.

வழக்கு என்னிடம் வந்தது கோவில்பட்டியிலிருந்து. அக்கா மகள் விஸ்காம் கடைசி வருஷம் முடித்திருந்தாள். காலேஜில் சொல்லிக்கொடுத்தது கேமராவும் எடிட்டிங்கும். வீட்டில் அவளே யூடியூப் பார்த்துக் கற்றுக்கொண்டது ப்ளெண்டர் என்கிற இலவச முப்பரிமாண மென்பொருள். ஊரில் வீடு கட்டுகிறவர்களுக்கு இஞ்சினியர்கள் ‘எலிவேஷன்’ என்று ஒரு படம் தருவார்கள். கட்டி முடித்தால் வீடு முன்பக்கம் இப்படி இருக்கும் என்று காட்டுகிற படம். கடகால் தோண்டுவதற்கு முன்பே சைட்டில் ஃப்ளெக்ஸ் அடித்துத் தொங்கவிடுவது அதைத்தான். உள்ளூர் இஞ்சினியர் ஒருவருக்கு அவள் அந்தப் படங்களைச் செய்துகொடுக்க ஆரம்பித்திருந்தாள். படம் ஒன்றுக்கு ஆயிரத்து ஐந்நூறிலிருந்து இரண்டாயிரத்து ஐந்நூறு வரை.

கம்ப்யூட்டர், அத்தான் தன் லேத் பட்டறை டிராயிங்குகளுக்காக 2019இல் வாங்கியது. ஒன்பதாம் தலைமுறை ஐ5, 8 ஜிபி ரேம். கிராஃபிக்ஸ் கார்டு கிடையாது. அதில் ஒரு படத்தை ரெண்டர் போட்டால் நாலைந்து மணி நேரம் ஓடும். ராத்திரி போட்டுவிட்டுத் தூங்குவாள். நடுவில் கரண்டு போனால் காலையில் முதலிலிருந்து. இஞ்சினியர் ‘காம்பவுண்டு சுவர் கலரை மட்டும் மாத்தும்மா’ என்றால் இன்னொரு ராத்திரி. மாதம் நாலு படத்துக்கு மேல் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

இதற்கிடையில் சாத்தூர்ப் பக்கமிருந்து ஒரு சம்பந்தம் வந்து கேட்டுவிட்டுப் போயிருந்தது. அக்காவுக்குப் பிடித்திருந்தது. அத்தான் மட்டும் ஒரு வார்த்தை சொன்னார்: “ஒரு வருஷம் பாப்போம். இந்த வேலையில மாசம் பத்தாயிரம் நிலையா வருதுன்னா அவ சொல்றதக் கேப்போம். இல்லன்னா நீ சொல்றதக் கேப்போம்.” தீர்ப்பு அப்படித் தள்ளிவைக்கப்பட்டதும் அவள் எனக்குப் போன் செய்தாள்.

“மாமா, எனக்கு நகை வேண்டாம். கார்டு வாங்கித் தாங்க.”

என்ன கார்டு, என்ன நகை என்பதைச் சொல்ல வேண்டும். அவள் சடங்குக்கு நான் தாய்மாமன் சீர் சரியாகச் செய்யவில்லை. அப்போது எனக்கு வேலை போயிருந்த சமயம். ஒரு பட்டுப்பாவாடை, ஒரு ஜோடி வெள்ளிக் கொலுசு, அவ்வளவுதான் முடிந்தது. யாரும் எதுவும் சொல்லவில்லை. ஆனால் தாய்மாமன் பாக்கி என்பது எழுதிவைக்காத கடன். அதற்காகவே ஆபீஸில் ஒரு சீட்டுப் போட்டு 30,000 ரூபாய் சேர்த்திருந்தேன். அன்றைய விலைக்கு அரைப் பவுனுக்குக் கொஞ்சம் மேலே வரும். அது அக்காவுக்கும் தெரியும்.

அக்கா போனைப் பிடுங்கிப் பேசினாள். “தம்பி, அவ பேச்சக் கேட்டு நீ ஆடாத. தங்கத்த நாளைக்கு வித்தா காசு. இந்தத் தகரத்த வித்தா என்ன கெடைக்கும்?”

நியாயமான கேள்வி. தங்கம் ஏறும், கார்டு இறங்கும். வாங்கிக் கடையை விட்டு வெளியே வந்ததுமே இறங்கும். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும்படிதான் வாங்க வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

*

கணக்கு எழுதுகிறவனுக்கு எண்களைப் பார்த்தால் பயம் வராது. ஆனால் கார்டுகளின் எண்கள் வேறு மாதிரி. 3060 என்பதில் முதல் இரண்டு இலக்கம் தலைமுறை, கடைசி இரண்டு இலக்கம் அந்தஸ்து. 30 தலைமுறையில் 60 அந்தஸ்து, 40 தலைமுறையில் 60 அந்தஸ்து. ஆக, 4060 என்பது 3060இன் நாற்காலியில் வந்து உட்கார்ந்த புது அதிகாரி. அதிகாரம் அதேதான் என்று நினைத்துவிடக் கூடாது.

புதுசுக்கு ஏன் நினைவகம் குறைந்தது? இதை விளங்கிக்கொள்ள எனக்கு ஒரு வாரம் ஆனது. விளங்கிய பிறகு எளிமையாக இருந்தது. கார்டின் மூளைக்கும் நினைவகச் சில்லுகளுக்கும் நடுவே ஒரு பாதை இருக்கிறது. அதன் அகலத்தை ‘பிட்’டில் சொல்வார்கள். ஒரு சில்லுக்கு 32 பிட் அகலம் வேண்டும். 3060 12 ஜிபி கார்டின் பாதை 192 பிட். 192ஐ 32ஆல் வகுத்தால் ஆறு சில்லு. சில்லு ஒன்றுக்கு 1 ஜிபி என்றால் மொத்தம் 6, 2 ஜிபி என்றால் மொத்தம் 12. நடுவில் எட்டோ பத்தோ வைக்க அதில் வழியில்லை. ஆறு வைத்தால் சின்னதாகத் தெரியும், அதனால் பன்னிரண்டு. 4060இன் பாதை 128 பிட். நாலு சில்லு, எட்டு ஜிபி. பாதை குறுகியதால் நொடிக்குப் போய்வருகிற தரவும் 360 ஜிபியிலிருந்து 272 ஜிபியாகக் குறைந்தது. அதை ஈடுகட்ட மூளைக்குப் பக்கத்திலேயே 24 எம்பி அளவுக்கு ஒரு கைப்பெட்டி வைத்தார்கள். அடிக்கடி வேண்டியதை அதிலேயே வைத்துக்கொண்டால் தூரம் போகவேண்டாம். விளையாட்டுகளுக்கு அது நன்றாகவே வேலை செய்கிறது.

அக்காவுக்கு இதை நான் பந்திக் கணக்கில் சொன்னேன். ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் எட்டு இலை போடலாம், பரிமாறுகிறவர்கள் சூட்டிகையானவர்கள். இன்னொரு கூடத்தில் பன்னிரண்டு இலை போடலாம், பரிமாறுகிறவர்கள் சுமாரான வேகம். வருகிறவர்கள் ஆறு பேர் என்றால் முதல் கூடத்தில்தான் சீக்கிரம் சாப்பாடு முடியும். பத்துப் பேர் வந்தால்? இரண்டு பேர் வாசலில் நிற்பார்கள். கிராஃபிக்ஸ் கார்டில் இன்னும் மோசம். பத்துப் பேரும் ஒரே பந்தியில் உட்கார வேண்டிய கட்டாயம். ப்ளெண்டர் வெளியே கம்ப்யூட்டரின் ரேமில் இடம் கடன் கேட்டு ஓட்டப் பார்க்கும், வேகம் விழுந்துவிடும். அதுவும் போதாவிட்டால் ‘நினைவகம் போதவில்லை’ என்று சொல்லிவிட்டு நின்றுவிடும்.

“அப்ப எத்தன பேரு வருவாகன்னு மொதல்ல கேளு,” என்றாள் அக்கா. நான் படித்த எந்த ஒப்பீட்டுக் கட்டுரையும் இவ்வளவு நேராகக் கேட்கவில்லை.

*

ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு மூன்று சனிக்கிழமை போனேன். அண்ணா சாலையிலிருந்து திரும்பியதும் வெயில் மறைந்து பிளாஸ்டிக் வாடையும் வெல்டிங் வாடையும் தொடங்கிவிடும். முதல் கடையில் பையன் கேட்டான்: “சார், கேமிங்கா, எடிட்டிங்கா?”

“எலிவேஷன்.”

அவன் ஒரு நொடி யோசித்துவிட்டு 4060ஐ எடுத்து வைத்தான். “பழசு எதுக்கு சார்? இதுல டிஎல்எஸ்எஸ் 3 இருக்கு, ஃப்ரேம் ஜெனரேஷன் இருக்கு. சொல்லுங்க, பெஸ்ட் ரேட்டு போட்டுத் தர்றேன்.” விலை 29,000.

அவன் ஏமாற்றவில்லை. ஃப்ரேம் ஜெனரேஷன் என்பது விளையாட்டில் கார்டு வரைந்த இரண்டு சட்டகங்களுக்கு நடுவே இன்னொன்றைத் தானே ஊகித்துச் செருகுவது. ஓட்டம் வழவழப்பாகத் தெரியும். முழு எச்டி திரையில் விளையாடுகிற ஒரு பையனுக்கு நான் கார்டு தேடிப் போயிருந்தால் அன்றைக்கே 4060ஐ வாங்கிக்கொண்டு வந்திருப்பேன். ஆனால் எலிவேஷன் என்பது ஒரே ஒரு படம். அசையாத படம். நடுவில் செருகுவதற்கு அதில் ஒன்றும் இல்லை.

பக்கத்துக் கடையில் ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6600ஐக் காட்டினார்கள். விலை குறைவு, விளையாட்டுக்கு நல்ல கார்டு. ப்ளெண்டரில் ஒளிக்கதிர்களைக் கணக்கிடுகிற வேலைக்கு என்விடியா அளவுக்கு ஈடுகொடுக்காது. இன்னொரு கடையில் 4060 டிஐ 16 ஜிபி. அந்தக் கார்டின் கதை வேடிக்கையானது. 8 ஜிபி வைத்தது 399 டாலர், 16 ஜிபி வைத்தது 499 டாலர் என்று அறிமுகப்படுத்தினார்கள். மூளை ஒன்றுதான். கூடுதலான எட்டு ஜிபிக்கு நூறு டாலர். நினைவகம்தான் இவர்களின் உப்பு மூட்டை என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. உப்பைக் கொஞ்சம் குறைவாகவே போட்டு வைப்பார்கள். ருசி வேண்டும் என்கிறவன் தனியாகக் காசு கொடுத்து வாங்கிக்கொள்ள வேண்டும். நம் 30,000க்குள் அது வராது.

நாலாவது கடையில் 3060 புதுசு 23,000 என்றார்கள். மற்ற இடத்தைவிட இரண்டாயிரத்துக்கு மேல் குறைவு. டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன். 8 ஜிபி என்று போட்டிருந்தது. 2022 கடைசியில் அதே 3060 என்ற பெயரில் 8 ஜிபி வைத்து, பாதையையும் 128 பிட்டாகக் குறைத்து இன்னொரு கார்டும் வந்திருக்கிறது. அண்ணன் பெயரில் ஒரு ஆள்மாறாட்டம். வாங்குகிறவர்கள் டப்பாவில் பெயரை மட்டும் பார்க்காமல் ‘12 ஜிபி, 192 பிட்’ இரண்டையும் விரல் வைத்துப் பார்த்துவிட வேண்டும்.

*

எத்தனை பேர் வருவார்கள் என்ற அக்காவின் கேள்விக்கு அக்கா மகள்தான் பதில் கண்டுபிடித்தாள். 4கே அளவில் ஒரு சுவர்ப் பூச்சுப் படம் என்றால் குறுக்கே 4096 புள்ளி, நெடுக்கே 4096 புள்ளி, புள்ளிக்கு நாலு பைட். பெருக்கினால் 64 எம்பி. சுவர் அசலாகத் தெரிய ஒரு படம் போதாது. நிறத்துக்கு ஒன்று, சொரசொரப்புக்கு ஒன்று, மேடு பள்ளத்துக்கு ஒன்று, பளபளப்புக்கு ஒன்று. ஒரு சுவருக்கே கால் ஜிபி. தரை ஓடு, மரக்கதவு, கிரில், மாடித் தகரம், சாலை, மண் என்று இருபது பொருள் சேர்ந்தால் 5 ஜிபி. இதற்குமேல்தான் வீட்டின் வடிவம், அதற்குமேல் மரங்கள். விண்டோஸும் மானிட்டரும் தங்கள் பங்குக்குக் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும்.

காலேஜ் லேபில் 32 ஜிபி ரேம் உள்ள ஒரு மெஷின் இருந்தது. சாரிடம் அனுமதி கேட்டு, தான் அதுவரை செய்த பதினாலு வேலைகளையும் அதில் திறந்தாள். தன் வீட்டு மெஷினுக்காக வெட்டிக் குறைத்ததையெல்லாம் பழையபடி முழுசாக வைத்து ஓட்டிப் பார்த்து, ஒவ்வொன்றும் உச்சத்தில் எவ்வளவு நினைவகம் கேட்டது என்று நோட்டில் எழுதினாள். எனக்குப் போட்டோ பிடித்து அனுப்பியிருந்தாள். ஒன்பது வேலை 6 ஜிபிக்குக் கீழே. ஐந்து வேலை எட்டுக்கு மேலே. பெரியது 10.3.

“அஞ்சு வேலைதானே பாப்பா,” என்றேன். “படங்களை 4கேயிலிருந்து 2கே ஆக்கிட்டா நாலுல ஒரு பங்குதான் ஆகும்னு போட்டிருக்கானே. 64 எம்பி 16 ஆயிடும். எட்டுக்குள்ள அடக்கிடலாம்ல? வேகமும் கெடைக்கும்.”

“அடக்கலாம் மாமா. இவ்ளோ நாளா அதத்தான் பண்றேன்.”

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னாள். “அந்த அஞ்சும் வெளித்தோற்றம். இஞ்சினியர் அதுக்குத்தான் காசு கூடத் தர்றார். எல்லாரும் போடுற மாதிரி நானும் போட்டா எனக்கு எதுக்குத் தரணும்?”

எல்லாரும் போடுகிற மாதிரி என்றால் என்ன என்று அப்புறம் நம் ஊர் ஃப்ளெக்ஸ்களைப் பார்த்தபோது புரிந்தது. இலவசமாகக் கிடைக்கிற மரங்கள் எல்லாம் வெளிநாட்டு மரங்கள். கோவில்பட்டிக் கரிசலில் நிற்கிற வீட்டின் பக்கத்தில் மேப்பிள் மரம் சிவந்து நிற்கும். பின்னால் பைன் மரக்காடு. வாசலில் பனிப் பிரதேசத்துப் புல். அவள் வேப்பமரம் செய்திருந்தாள். தங்கள் வீட்டுக் கொல்லை மரத்தின் இலைகளைப் பறித்து, வெள்ளைத் தாளில் வைத்துப் போட்டோ எடுத்து, நரம்பு நரம்பாகச் செய்தது. வேப்பிலை ஒரு ஈர்க்கில் பத்துப் பன்னிரண்டு சிற்றிலையாக இருக்கும், ஒவ்வொன்றுக்கும் விளிம்பில் ரம்பப் பல். ஒரு கிளையைச் செய்து அதையே திருப்பித் திருப்பி வைத்தால் நினைவகம் மிச்சமாகும். அந்த வித்தையெல்லாம் செய்த பிறகும் மரம்தான் பெரிய பங்கை எடுத்துக்கொண்டது. எட்டைத் தாண்டிய ஐந்து படத்திலும் வேப்பமரம் இருந்தது.

நினைவகம் போதாமல் வேலையை வெட்டுவது இவளுக்கு மட்டும் நேர்ந்தது அல்ல. 2012இல் அலெக்ஸ்நெட் என்ற நிரல் படங்களை அடையாளம் காணும் போட்டியில் ஜெயித்தது. இன்றைய செயற்கை நுண்ணறிவு அலைக்குத் தொடக்கமாகச் சொல்லப்படுவது அது. அதை இரண்டு ஜிடிஎக்ஸ் 580 கார்டுகளில் ஓட்டினார்கள். விளையாட்டுக்காக விற்ற கார்டுகள், ஒவ்வொன்றிலும் 3 ஜிபி. ஒன்றில் இடம் போதவில்லை என்பதால் நிரலையே இரண்டாகப் பிளந்து ஆளுக்குப் பாதி கொடுத்தார்கள். எட்டு ஜிபியில் வேப்பமரத்தை அடக்கப் பார்க்கிற பெண்ணிடம் இதைச் சொன்னேன். “அவங்களுக்கு ரெண்டு கார்டு இருந்துச்சு மாமா,” என்றாள்.

அப்புறம் நான் 2கே பற்றிப் பேசவில்லை.

*

ஆக, பன்னிரண்டு என்று முடிவானது. அடுத்த கேள்வி, புதுசா கைமாறியதா. புது 3060 12 ஜிபி 25,500 சொன்னார்கள். பழையது பதினேழு, பதினெட்டு. ஆனால் கார்டு மட்டும் வாங்கினால் போதாது. அத்தானின் கம்ப்யூட்டரில் இருந்த எஸ்எம்பிஎஸ் பெயர் தெரியாத கம்பெனியுடையது. இரண்டு கார்டுக்குமே 550 வாட் எஸ்எம்பிஎஸ் வேண்டும் என்று என்விடியா சொல்கிறது. ரேம் 8 ஜிபிதான். கார்டுக்குப் போகிற எல்லாமே கம்ப்யூட்டரின் ரேம் வழியாகத்தான் போயாக வேண்டும். கூடம் பெரிதாக இருந்து வாசல் சின்னதாக இருந்தால் என்ன பயன்? புதுசு வாங்கினால் இந்த இரண்டுக்கும் சேர்த்துக் காசு மிஞ்சாது.

கைமாறிய கார்டு என்றதும் எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: “மைனிங் கார்டா இருக்கும், பாத்து.” 2021இல் எதீரியம் நாணயம் எடுப்பதற்காகக் கார்டுகளை அடுக்கடுக்காக இரவு பகல் ஓட்டினார்கள். விளையாடுகிறவர்களுக்குக் கார்டே கிடைக்காமல் போனதால், 3060இல் அந்த வேலையை மட்டும் பாதி வேகமாக்கும் ஒரு பூட்டை என்விடியா போட்டது. கொஞ்ச நாளில் அந்தக் கம்பெனியே வெளியிட்ட ஒரு டிரைவரில் அந்தப் பூட்டுத் தவறுதலாகத் திறந்துகொண்டது தனிக்கதை. 2022 செப்டம்பர் 15இல் எதீரியம் தன் முறையையே மாற்றிக்கொண்டது. கார்டு வைத்து நாணயம் எடுக்கிற வழி அதில் நின்றது. உழைத்துத் தேய்ந்த கார்டுகள் சந்தைக்கு வந்தன.

எங்கள் அப்பா மாடு பிடிக்கிறவர். மதுரை பஸ் ஸ்டாண்டுக்கு மாட்டுத்தாவணி என்ற பெயர் ஏன் வந்தது என்று இன்று பஸ் ஏறுகிற பலருக்குத் தெரியாது. அப்பா அந்த மாதிரித் தாவணிகளில் பாதி நாளைக் கழித்தவர். வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பார். ரெண்டு பல்லா, நாலு பல்லா, ஆறு பல்லா, கடை சேர்ந்ததா. சுழி பார்ப்பார். நடக்கவிட்டுப் பார்ப்பார். வயசை மறைக்கக் கொம்பைச் சீவி எண்ணெய் தடவிக் கொண்டுவருவார்கள். அப்பா கொம்பைப் பார்க்கவே மாட்டார். விலை பேசுவது துண்டுக்குள். இரண்டு கையும் துண்டுக்கடியில் விரலைப் பிடித்துக்கொள்ளும், வெளியே ஒருவருக்கும் தெரியாது. நான் சின்ன வயசில் அருகில் நின்று பார்த்தது இவ்வளவுதான். ஆனால் பழைய பொருள் வாங்கும்போது என் கை தானாக அந்த வழியில்தான் போகிறது.

கார்டிலும் கொம்பு சீவுகிறவர்கள் இருக்கிறார்கள். செத்த கார்டைச் சூடுகாட்டி நாலு நாள் உயிரோடு வைத்து விற்றுவிடுவார்கள். பழைய சின்னக் கார்டுக்குள் பொய்ப் பெயரை எழுதிப் பெரிய கார்டாகக் காட்டுவார்கள். ஜிபியு-இசட் என்ற சின்ன நிரலை ஓட்டினால் பொய்ப் பெயர் பெரும்பாலும் வெளிவந்துவிடும். பின்பக்க ஸ்க்ரூவின் மேல் ஒட்டியிருக்கிற ஸ்டிக்கர் கிழிந்திருந்தால் யாரோ திறந்திருக்கிறார்கள். விசிறியை விரலால் சுற்றிவிட்டால் சத்தமில்லாமல் நிற்க வேண்டும். தூசி இருந்தால் பரவாயில்லை, எண்ணெய்ப் பிசுக்கு இருக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே பில். சொந்தமாக வாங்கினவனிடம் பில் இருக்கும்.

அம்பத்தூரில் ஒரு பையன் விற்கிறான் என்று ஆபீஸ் நண்பர் சொன்னார். மேல்படிப்புக்கு வெளிநாடு போகிறான், கம்ப்யூட்டரைப் பிரித்து விற்கிறான். 2022 மே மாத பில் இருந்தது. மூன்று வருஷ வாரண்டியில் பதினோரு மாதம் பாக்கி. அத்தான் கொடுத்த ஒரு வருஷக் கெடுவுக்கு ஒரு மாதம்தான் குறைச்சல்.

போனபோது கார்டு அவன் மெஷினிலேயே இருந்தது. கழற்றி வைத்திருந்தால் நான் வாங்கியிருக்க மாட்டேன். இருபது நிமிஷம் முழுப் பாரம் ஏற்றி ஓட்டினோம். சூடு 72 டிகிரியில் வந்து நின்றுவிட்டது. அப்புறம் நான் பாக்கெட்டிலிருந்து பென்டிரைவை எடுத்தேன்.

“இது என்னண்ணா?”

“வேப்பமரம், தம்பி.”

அக்கா மகளின் 10.3 ஜிபி வேலை அதில் இருந்தது. திறக்கவே ஒரு நிமிஷம் ஆனது. ரெண்டர் போட்டோம். கார்டின் நினைவக அளவு ஏறுவதை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். ஏழு, எட்டு, ஒன்பது, ஒன்பதே முக்கால். அங்கே நின்றது. படம் வலைக்கண் வலைக்கண்ணாகத் தெளிந்து வந்தது. பதினொரு நிமிஷம். அவள் வீட்டில் வெட்டிக் குறைத்த பிறகும் நாலரை மணி நேரம் ஓடிய படம்.

“சூப்பரா இருக்குண்ணா, யாரு பண்ணது?” என்றான் பையன். இரண்டு வருஷம் அவன் கார்டு சுட்டுத் தள்ளியதெல்லாம் பேய்களும் ராணுவ வீரர்களும்தான். அது ஒரு வீட்டை வரைந்து அவன் பார்த்தது அன்றைக்குத்தானாம். 17,500 கேட்டிருந்தான். 16,500க்கு முடிந்தது. துண்டு தேவைப்படவில்லை.

*

கணக்கு இப்படி வந்தது. கார்டு 16,500. 550 வாட் எஸ்எம்பிஎஸ் நல்ல கம்பெனி, 4,200. 16 ஜிபி ரேம் 3,100. மொத்தம் 23,800. முப்பதாயிரத்தில் மிச்சம் 6,200. அதோடு கையிலிருந்து கொஞ்சம் போட்டு ஒரு கிராம் தங்கக் காசு ஒன்று வாங்கினேன். இரண்டையும் எடுத்துக்கொண்டு நெல்லை எக்ஸ்பிரஸ் ஏறினேன். தங்கம் சட்டைப் பையில், கார்டு மடியில்.

அக்கா காசை வாங்கி சாமி படத்தின் முன்னால் வைத்தாள். கார்டை ஒரு முறை தூக்கிப் பார்த்துவிட்டு, “கனமாத்தான் இருக்கு,” என்றாள். அவள் முதலில் கேட்ட கேள்விக்கு அப்போது பதில் சொன்னேன். புதுசாக வாங்கினால் முதல் இறக்கம் நம் தலையில் விழும். இந்தக் கார்டு விழவேண்டிய பெரிய பள்ளத்தில் ஏற்கெனவே விழுந்து எழுந்துவிட்டது. அந்த நஷ்டம் அம்பத்தூர்ப் பையனுடையது. இனி ஒரு வருஷம் கழித்து விற்றாலும் மூன்று நாலாயிரத்துக்கு மேல் போகாது.

“அப்ப அந்தப் பையனுக்கு?” என்றாள் அக்கா. அவனுக்கு அது விளையாட்டுச் செலவு என்றேன். ஒப்புக்கொண்டாளா என்று தெரியவில்லை.

அத்தானுக்குக் கவலை கரண்டு பில். அதையும் போட்டுப் பார்த்தேன். 4060க்கும் இதற்கும் வித்தியாசம் 55 வாட். தினமும் ஆறு மணி நேரம் முழுப் பாரத்தில் ஓடினாலும் இரண்டு மாதத்துக்கு இருபது யூனிட். யூனிட் ஐந்து ரூபாய் என்றால் நூறு ரூபாய். பார்க்க வேண்டியது வேறு: 500 யூனிட்டைத் தாண்டிவிடக் கூடாது. தாண்டினால் கீழே உள்ள யூனிட்டுகளுக்கும் ரேட் கூடிவிடும். அந்த வீட்டில் ஏசி கிடையாது. அதுவரைக்கும் போகாது. உண்மையில் ராத்திரி முழுக்க ஓடிய கம்ப்யூட்டர் இப்போது பதினைந்து நிமிஷத்தில் ஓய்ந்துவிடுவதால் மொத்த பில் குறைந்தது.

வேகமான கார்டை விட்டுவிட்டோமே என்ற எண்ணம் அவளுக்கு வந்ததா என்று ஒரு முறை கேட்டேன். சின்ன வேலைகளில் 4060 இன்னும் சீக்கிரம் முடித்திருக்கும், அது நிஜம். “பதினஞ்சு நிமிஷம் பத்து நிமிஷமா ஆகியிருக்கும் மாமா. அந்த அஞ்சு நிமிஷத்துல நான் என்ன பண்ணப் போறேன்?” என்றாள். காத்திருப்பதில் ராத்திரி முழுக்கக் காத்திருப்பது ஒரு வகை, ஒரு காப்பி குடிக்கிற நேரம் காத்திருப்பது இன்னொரு வகை. இரண்டாவதற்குள் வந்துவிட்டால் அதற்கு மேல் வேகத்துக்குக் கொடுக்கிற காசை யோசித்துத்தான் கொடுக்க வேண்டும். வேலை உள்ளே அடங்கவில்லை என்றால் யோசிக்க ஒன்றுமே இல்லை.

ஆடியில் வேலை குறைவு, வீடு தொடங்க மாட்டார்கள். ஆவணியில் ஆறு படம். ஐப்பசியில் பதினொராயிரம் வந்தது என்று அத்தானே போன் செய்து சொன்னார். இரண்டு இஞ்சினியர்கள் புதிதாக வந்திருக்கிறார்களாம். சாத்தூர் ஜாதகம் பீரோவில்தான் இருக்கிறது. அதை அக்கா இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை, வெளியே எடுக்கவும் இல்லை.

கார்த்திகையில் ஒரு நாள் அக்கா கயத்தாறு போகிற பஸ்ஸில் போயிருக்கிறாள். வழியில் ஒரு சைட்டில் ஃப்ளெக்ஸ் தொங்கியதைப் பார்த்து அடுத்த ஸ்டாப்பில் இறங்கி நடந்து திரும்பி வந்திருக்கிறாள். அங்கிருந்தே எனக்குப் போன்.

“தம்பி, எவனோ வீடு கட்டுறான், அவன் வீட்டுப் பக்கத்துல நம்ம மரம் நிக்கி. அந்தக் கெழக்கால ஒடிஞ்ச கெளகூட அப்படியே இருக்கு.”

“நம்ம பாப்பா போட்டதுதான்க்கா அது.”

“அது தெரியாமலா எறங்கி வந்தேன்? நெழலு கூட விழுது, பாத்துக்க,” என்றாள்.